பென்னாகரம் ரோட்டில் ஒரு இண்டிகா

வெயில் ஏறுமுன் பார்த்துவிட வேண்டும்.
ஏறிவிட்டால் எல்லாப் பெயிண்டும் ஒன்றுபோலப் பளபளக்கும்.

இரண்டாயிரத்து ஏழு மாடல். டீசல்.
டி.என். இருபத்தொன்பது.
சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
மாதம்மாள் பஞ்சர் கடை நிழலில் போய் நின்றுகொண்டாள்,
பெண்ணை ஸ்கேனுக்கு உள்ளே அனுப்பியவள் போல.

மனசுக்குள் எழுபதில் தொடங்கினேன்.

துணி சுற்றிய காந்தம்
முன்கதவில் ஒட்டியது, பின்கதவில் வழுக்கி விழுந்தது.
உள்ளே தகரமில்லை, பட்டி. நாலாயிரம் போச்சு.
டயர் நான்கும் மொட்டை. ஆறு.
ஏ.சி.யைத் திருகினால் காற்று வரத்தான் செய்கிறது,
தொப்பூர் கணவாயில் மே மாதம் வீசுகிற அதே காற்று.
ஐந்து.
டிக்கியைத் திறந்ததும் பட்டுக்கூடு வாசம்,
நசுங்கிய புழு, மல்பெரி இலை, ஈரச் சாக்கு.
ஒன்பது வருஷம் மார்க்கெட்டுக்கு மூட்டை சுமந்திருக்கிறது.
வாசத்துக்கு எந்தப் பட்டியலிலும் ரேட் இல்லை.
நானாக ரெண்டு போட்டேன்.

ஐம்பத்துமூன்று.

சைலன்ஸர் வாயில் கைக்குட்டையைப் பிடித்தேன்.
கரி இருந்தது, எண்ணெய் இல்லை.
பிறகு மீட்டர்:
ஒரு லட்சத்து முப்பத்தோராயிரம்.

"ஓட்டம் கம்மிதாங்க" என்றாள் நின்ற இடத்திலிருந்தே.
"நீங்க குடுத்தப்ப அம்பத்தெட்டாயிரம்.
சீட்டு இன்னும் பீரோல இருக்குது."

நான்தான் கொடுத்தேன்.
டேஷ்போர்டுக்குக் கீழே ரெண்டு ஸ்க்ரூ, ஒரு ஒயர்,
ஓசூரிலிருந்து வந்த பையன், அவன் லேப்டாப், அறுநூறு ரூபாய்.
அவன் டீயைக் குடித்து முடிப்பதற்குள்
ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்
ஐம்பத்தெட்டாயிரம் ஆகிவிட்டது.
வண்டி அசையக்கூட இல்லை.

சேலம் போய்த் திரும்ப நானூறு தடவைக்கு மேல் வரும் அது.
யாரோ ஒரு கால்டாக்ஸிக்காரன்
இடுப்பு நோக ஓட்டிய தூரம்.

இப்போது அதைக் கழிக்க வேண்டும். பத்தாவது குறையும்.
குறைத்தால் காரணம் கேட்பாள்.
காரணம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு
டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

குனிந்து கிளட்ச் பெடலைப் பார்த்தேன்.
எந்த வண்டியிலும் அங்கேதான் தேடுவேன், அது ஏமாற்றாது.
ரப்பர் தேய்ந்து தகரம் தெரிந்தது.
அன்றைக்கு நூற்றிருபது ரூபாய்க்குப் புது ரப்பர் மாட்டியதும் நான்தான்.
அதற்குப்பின் தேய்ந்ததெல்லாம் அவள் செருப்பு.

"என்னங்க, சொல்லுங்க.
அறுபது கேக்கலாம்னு இருக்கறேன்."

ஐம்பத்துமூன்று என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"அம்பத்தாறு" என்றது வாய்.

அந்த எண் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியாது.
ஆனால் என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள்.
எடுத்த எடுப்பில் ஒரு வியாபாரி இவ்வளவு ஏறி வந்தால்
பொருளில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.
கூடு விற்றவளுக்குத் தெரியாதா?

"அப்ப நாலு எடம் விசாரிச்சுட்டு வரேன்."
சாவியை வாங்கிக்கொண்டாள்.

முதல் கியர். லேசாகப் புகை.
வலப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பி
நாலு ரோட்டுப் பக்கம் போனது வண்டி.

அடுத்த கடைக்காரனும் காந்தம் வைப்பான்.
டயரைப் பார்ப்பான், மூக்கைப் பொத்துவான்.
பெடலைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.
மீட்டரைப் பார்த்து
அப்படியே நம்பித் தொலைக்க வேண்டும்.