ரெண்டு பல்லு

பதிவேட்டில் முப்பத்தாறு ஆடுகள்.
உயிரோடு நான்கு.
மீதி முப்பத்திரண்டின் மஞ்சள் காதுத்தகடுகள்
முப்பிடாதி வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில்
மூடி போட்டு இருந்தன.

வெள்ளைக்காரப் பணத்தில் வந்த வெள்ளாடுகள்,
நிறமும் வெள்ளைதான்.
மூன்று லிட்டர் கறக்கும் என்றார்கள்.
கறந்தன, தை வரைக்கும்.
கத்திரியில் பொத்தைப் பாறை கொதித்தபோது
நிழலுக்கு நிழல் மாறி நின்று
வாய் திறந்தபடி விழுந்தன.
உடைமரத்து நெற்றைப் பொறுக்கத் தெரியாமல்
முள்ளில் உதடு கிழித்துக்கொண்டவை அவை.

அலுவலகத்துக்கு நான்தான் எழுதினேன்:
மந்தை நல்ல நிலையில் உள்ளது.
மூன்றாம் தவணை அந்த வரியில் தொங்கிக்கொண்டிருந்தது,
என் சம்பளமும்.

இந்த முறை வருவது வெள்ளைக்காரர் இல்லையாம்.
லெசோத்தோ என்றொரு சின்ன நாடு.
நாடு முழுக்க மலை, குளிர்காலத்தில் பனி விழுமாம்.
அங்கேயும் இதே திட்டம் போகப்போகிறது.
அதற்கு முன்
இது நன்றாக நடக்கிற ஊரைப் பார்க்க வேண்டுமாம்.
நன்றாக நடக்கிறது என்பதும்
நான் எழுதியதுதான்.

முந்தின ராத்திரி
ஏர்வாடிப் பக்கம் கிடை போட்டிருந்த ஒரு மந்தையில்
வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம்
வாடகை பேசி ஓட்டி வந்தார்கள், தலைக்கு எண்பது ரூபாய்.
செவலை ஒன்று தப்பி வந்துவிட்டது,
அதைப் பின்வரிசைக்குத் தள்ளினான் உச்சிமாகாளி.
டார்ச் வெளிச்சம். இடுக்கி.
காதில் துளை, துளையில் தகடு,
முப்பத்திரண்டு தடவை அதே சொடுக்குச் சத்தம்.

வேனில் இருந்து கம்பளியோடு இறங்கினாள் மாபலேசா.
பலேசாவின் அம்மா என்று அர்த்தமாம்.
"அப்பம் எம்பேரு மாவண்ணமுத்து" என்றாள் முப்பிடாதி.
நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அவள் பேச்சை அவர்கள் ஆள் இங்கிலீஷ் ஆக்கி
நான் தமிழாக்கி
ஒரு கேள்வி இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள்
வெயில் ஒரு பனை உயரம் ஏறியது.
வருமானம் கூடியிருக்கிறதா?
"கூடியிருக்கு."
முடிவெடுப்பதில் பெண்களுக்குப் பங்கு உண்டா?
"நேத்து ராத்திரி முழுக்க
நாங்கதான முடிவெடுத்துட்டுக் கெடந்தோம்."
உண்டு, என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.
பட்டிக்குள் போனாள்.
ஒரு ஆட்டை முழங்காலிடையில் இறுக்கி
கீழுதட்டைப் பெருவிரலால் விலக்கினாள்.

தானம் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
இது மாடும் இல்லை,
யார் யாருக்குக் கொடுத்த தானம் என்பதும்
அந்த நேரம் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

தகடு எண் பதினேழு. வயது ஐந்து, மூன்று ஈத்து:
என் கையெழுத்து.
அவள் இரண்டு விரலை உயர்த்தினாள்.
ரெண்டு பல்லு.
கூடியிருந்த பெண்கள் பொத்தையைப் பார்த்தார்கள்,
பொத்தையில் பார்க்க ஒன்றும் இல்லை.

காதைத் தடவினாள். பெருவிரலில் ரத்தம்.
முப்பிடாதியைப் பார்த்து
நாக்கால் ஒரு சொடுக்குப் போட்டாள்,
இடுக்கிச் சத்தம், அச்சு அசல்.
அவள் மொழியில் அது வெறும் ஒரு எழுத்தாகவும் இருக்கலாம்.
முப்பிடாதிக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை.
"ஆமாட்டி" என்று சிரித்தாள்.

பிறகு மாபலேசா பேசினாள், இரண்டு நிமிஷம்,
தன் காதைத் தொட்டு,
தெற்கே எங்கோ தூரத்தில் கை காட்டி,
நடுவில் குரல் ஒரு தடவை உடைந்து.
அவர்கள் ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்:
ஆடுகள் நன்றாக இருக்கின்றன என்கிறார்.

அவனை நிமிர்ந்து பார்த்தேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

திட்ட அலுவலர் ஞானசிகாமணி
இளநீர் போதுமா என்று எண்ணிக்கொண்டிருந்தார்.
பட்டிக்குள் ரெண்டு பேரும்
மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து
ஒவ்வொரு காதாகப் போட்டுக்கொண்டு போனார்கள்,
ஒருத்தி பிடிக்க, ஒருத்தி பூச.
செவலையையும் விடவில்லை.

எண்ணெய் வாங்கினது நாற்பது ரூபாய்.
எந்தத் தலைப்பில் எழுத என்று
இன்னும் தெரியவில்லை.