மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு

அக்டோபர் கடைசி வாரம்.
நடக்க வந்தவர்கள் எல்லோரும் கப்பலேறியாயிற்று.
வேலியோர ஹைட்ரேஞ்சியா
நீலம் போய்த் துருவேறி நிற்கிறது.
எங்கள் வேலை இனிமேல்தான்.
தியோலிந்தா கையில் மஞ்சள் டப்பா,
என் கையில் சிவப்பு.

ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடு: பாதை இதுதான்.
குறுக்கே போட்டால்: இது இல்லை, திரும்பு.
சாவ் ஜோர்ஜ் தீவின்மேல்
பதினோரு வருடமாக நான் எழுதியது
இந்த இரண்டே வாக்கியம்.

மேலே மேய்ச்சல் வெளி.
மூடுபனிக்குள்ளிருந்து மாடுகள்
முதலில் மூச்சாக வருகின்றன,
பிறகு மணியாக,
ரொம்பவும் தாமதமாக மாடாக.
ஒரு கிடாரி ஈரக் கோட்டை நக்கிப் பார்த்துவிட்டு
உதட்டில் மஞ்சளோடு எங்களையே முறைக்கிறது.
"போச்சு, பாதையை முழுங்கிவிட்டது"
என்கிறாள் தியோலிந்தா.

பனி விலகினால் ஒரேயடியாக விலகும்,
சாப்பாட்டு மேசையின் விரிப்பை
யாரோ வெடுக்கென்று உருவியதுபோல.
கால்நுனியில் தீவு முடிந்திருக்கும்.
நேர் கீழே,
என்றோ ஒரு நிலநடுக்கத்தில் மலை சரிந்து
கடலுக்குள் போட்ட கைக்குட்டை நிலம்.
ஃபஜா என்போம்.
ஆறு வீடு, ஒரு மணிக்கூண்டு, சேம்புப் பாத்தி,
சில்வீனு வளர்க்கும் இருபது காப்பிச் செடி.
கால்வாய்க்கு அப்பால் பீக்கோ மலை.
தொப்பி வைத்தால் மறுநாள் மழை;
இன்று தொப்பியோடு சால்வையும் போர்த்தியிருக்கிறது.

கொண்டையூசி வளைவுகளில் இறங்குகிறோம்.
மரமாகிவிட்ட ஹெதர் புதர்களின்
முறுக்கேறிய முழங்கால்கள்.
ஆளுயரப் பெரணி.
ஏழாவது வளைவில் ஓர் அருவி;
காற்று மிஞ்சிய நாட்களில் அது மேலே விழும்,
நாங்கள் நனைவது கீழிருந்து.
படம் எடுக்க ஊரே உலகே வரும் இடம்.
நான் பார்ப்பது அங்கிருக்கும் கல்லை.
பாசி ஏறாத கல், உருளாத கல்,
வெயில் படும் முகம் உள்ள கல்.
எனக்குத் தெரிந்த தீவு
முழங்கால் உயரத்தில் இருக்கிறது.

இருட்டியபோது ஃபஜாவின் ஒரே தெருவிளக்கடியில்
ஏதோ தொப்பென்று விழுந்தது.
ககார்ருக் குஞ்சு.
இந்த ஆண்டுப் பிறப்பு, முதல் பறத்தல்.
தாயும் தகப்பனும் முன்னாடியே
பிரேசில் பக்கம் போயிருப்பார்கள்.
கடலின் மினுக்கம் என்று நினைத்து
நாற்பது வாட் பல்பை நம்பி வந்திருக்கிறது.
சில்வீனு ஓடிப்போய் விளக்கை அணைத்தான்.
மஞ்சள் டப்பாக்கள் வந்த அட்டைப்பெட்டியில்
ஓட்டை குத்தி அதை வைத்தோம்.
வைக்கும்போது என் கட்டைவிரலில் ஒரு கடி.
கொக்கி மூக்கு. நல்ல கடி.

இரவு முழுக்கப் பாறையிடுக்குகளில் மற்றவை,
பசித்த பிள்ளைகள் சண்டை போடுவதுபோல்
அவா, அவ்வா என்று கத்திக்கொண்டிருந்தன.
பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை.
உள்ளே இருந்தது தூங்கியதா
பெயின்ட் வாசத்தில் கிறங்கியதா தெரியவில்லை.
நான் மூன்று தடவை எழுந்து பார்த்தேன்.
தியோலிந்தா அதற்கு முன்பே எழுந்து
அங்கே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் படகுத்துறைச் சரிவில் பெட்டியைச் சாய்த்தோம்.
வாத்துபோல் நாலு அடி வைத்தது.
திரும்பி மலையைப் பார்த்தது.
'அங்கே இல்லை' என்று சொல்ல
கை தானாகக் காற்றில் குறுக்குக்கோடு போட்டது.
ஓர் அலை வந்து முடிவெடுத்தது.
கொஞ்சதூரம் மிதந்து, தடுமாறி,
தண்ணீரை மிதித்து மிதித்து ஓடி
ஏதோ ஒரு நொடியில், நான் கண் சிமிட்டியபோதுதான் போல,
ஓட்டம் பறத்தலாகிவிட்டது.

டப்பாக்களை எடுக்கத் திரும்பினால்
துறையின் கடைசிக் கல்லில்,
கடலைப் பார்த்த முகத்தில்,
தியோலிந்தா இரண்டு கோடு போட்டுக்கொண்டிருக்கிறாள்.
மஞ்சள். அதன்கீழ் சிவப்பு.
"விதிப்படி இது தப்பு" என்றேன்.
"அடுத்த கோடையில் எவனாவது நம்பி இறங்கிவிட்டால்?"

தூரிகையைத் தொடையில் துடைத்தபடி
"நனையட்டும்" என்றாள்.