அறுபத்தாறு

சுழலி நின்றது.
குழாயின் அடியில் சிவப்பு இறுகிக் கிடக்க
மேலே மஞ்சள் நீர் மூன்றில் ஒரு பங்கு.
அளவுகோலை வைத்துப் பார்த்தேன்: அறுபத்தாறு.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
எண்ணுக்குக் கூச்சம் கிடையாது.

லா ரின்கொனாடாவில்
ஆய்வுக்கூடம் என்று நான் சொல்வது
ஒரு மேசை, ஒரு சுழலி,
நினைத்தால் வரும் மின்சாரம்.
ஐயாயிரத்து நூறு மீட்டர் உயரம்.
கடலோரத்தில் ஒருவர் இழுக்கும் மூச்சை
இங்கே இருவர் பங்கிட்டுக்கொள்கிறோம்.

சத்தூர்னினா கல் பொறுக்குகிறவள்.
சுரங்கம் கழித்துக் கொட்டிய சரிவில்
சம்மட்டியோடு குந்தியிருப்பாள்.
உடைந்த கல்லைக் கண்ணால் மட்டும் நம்பமாட்டாள்,
நாக்கில் வைப்பாள்.
"இரும்புக்கு ருசி உண்டு. பொன்னுக்கு இல்ல.
ருசி இல்லாததத்தான் தேடிட்டிருக்கேன்."

இன்று வந்து உட்கார்ந்ததும்
செருப்பைக் கழற்றினாள், பனியில்.
உள்ளங்கால் எரிகிறதாம்.
காதுக்குள் ஒரு வண்டு,
நாலு மாதமாக இறங்க மறுக்கிறதாம்.
ஊதாச் சோளக் கூழ் குடித்தவள்போல் உதடு.

கழுத்துத் தமனி இரண்டாய்ப் பிரியும் இடத்தில்
அரிசிமணி அளவில் ஒரு காவல்.
கடந்துபோகும் ரத்தத்தை ருசி பார்த்து
போதாது, இன்னும் இழு என்று
நெஞ்சை விரட்டும்.
அதற்குத் துணையாய் இருந்தது புரோஜெஸ்டிரோன்;
இவள் உறங்கும்போதும் மூச்சைத் தட்டித் தட்டி எழுப்பியது.
போன வருடம், தூரம் நின்ற மாதங்களில்,
சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.
காவல் கண்ணயர்ந்தது.

பிறகு சிறுநீரகம்.
பெயரில்தான் அகம்,
பிழைப்பெல்லாம் புறத்தை வேவு பார்ப்பது.
முதுகோடு ஒட்டி இருட்டில் கிடந்துகொண்டே
மலையில் காற்று எவ்வளவு என்று அதற்குத் தெரியும்.
எரித்ரோபொயட்டின் என்று வாய்கொள்ளாத பெயரில்
எலும்புக்குச் சேதி விடுகிறது:
ஆள் போதாது, அனுப்பு.
ஆள் போதாது, அனுப்பு.
எலும்பு மறுபேச்சு பேசுவதில்லை.
வந்து குவிகின்றன சிவப்பணுக்கள்,
ஒன்றையொன்று நெருக்கி, நகர இடமின்றி,
பாகு பதமாய் இழுபடுகிறது ரத்தம்.

நோய் என்றால் ஏதோ ஓர் உறுப்பு
தப்பு செய்திருக்க வேண்டும் என்று படித்தவள் நான்.
இங்கே எல்லாம் சொன்ன வேலையைச் செய்கின்றன.

"கீழே இறங்கிப் போ" என்றேன்.
"காமனா பக்கம். கடல். மூன்றே வாரம்,
தானாய் நீர்த்துவிடும்."
"அங்க கல் இருக்கா?"
"மணல்."
தலையை ஆட்டினாள். கேட்டு முடித்த தலையாட்டல்.

"அப்போ அரை லிட்டர் எடுக்கிறேன்.
கொஞ்ச நாளைக்குத் தலை லேசாகும்."

கையை நீட்டியபடி கேட்டாள்:
"நெலிதா, ஒரு காகிதம் எழுதித் தருவியா?"

சுரங்க வாசலுக்குள் பெண்ணை விடமாட்டார்கள்.
தூரமாகிறவள் நுழைந்தால் மலைக்குப் பொறாமை,
பொன் உள்ளே ஓடி ஒளியும் என்பார்கள்.
இருபத்தேழு வருடம் வெளியே உட்கார்ந்திருக்கிறாள்.

"இப்பத்தான் நின்னுபோச்சே.
அதை எழுதி முத்திரை வச்சுக் கொடு.
உள்ள விடுறாங்களா பார்ப்போம்."

சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
இல்லை.

ஊசி இறங்கியும் ரத்தம் உடனே வரவில்லை.
யோசித்து வந்தது.
பாதிப் பையில் மின்சாரம் போனது.
இருட்டில் தடவித்தான் அளந்தேன்,
கனமாய், ரொட்டிபோல் சூடாய்.

"எதாவது மினுங்குதா அதுல?" என்றாள்.

நான் வாய் திறக்குமுன் அவளே,
தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி:

"வண்டு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு.
அதோ, அந்தச் சுவர் வரைக்கும்."