ஐம்பத்துநான்கு கிலோ வரை

ரோலாவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்து.
டைப்பிங் சென்டரில் கீழக்கரை நைனா முகமது
பட்டியலில் என் தொழிலைத் தேடுகிறார்.
கோலூன்றித் தாண்டுபவள் என்று
அதில் ஒரு வரி இல்லை.
“ஜிம் டிரெய்னர் போட்டுரவா?
அக்ரோபாட்டும் இருக்கு. சர்க்கஸ்காரங்களுக்கு.”
முதலாளி என்ற கட்டத்தில்
என் பெயரையே அடித்தார்:
பெர்பெத்துவா பர்னாந்து.
தொழிலாளி என்ற கட்டத்திலும் அதே.
நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்
சம்பளம் தராமல் ஓடிப்போக
நான் ஒருத்தியே போதும் என்பது போல.

கோல் பதின்மூன்றடி. விமானத்தில் ஏறாது.
மடக்க முடியாதா என்றது ஒரு கம்பெனி.
அறுத்து அனுப்பி அங்கே ஒட்டிக்கலாமே என்றார்
சரக்கு ஏஜென்ட், நல்ல மனசோடு.
கடைசியில் தூத்துக்குடியில் கப்பலேறியது
பி.வி.சி. குழாய்களுக்கு நடுவில் ஒரு குழாயாக.
நான் வந்து நாற்பத்தொரு நாள் கழித்து
ஜெபல் அலியில் இறங்கியது.
மீன் பிடிக்கவா, கேட்டார் சுங்க அதிகாரி.
ஆமாம் என்றால் வரி குறையுமா
என்று நாக்கு நுனிவரை வந்தது.

பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தினேன்.
ஏழில் ரேகை எழவில்லை.
பதினெட்டு வருடம்
பிளாஸ்திரியும் சுண்ணப்பொடியும் தின்றது போக
மிச்சம் மூன்று.
மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவள்
ஈரத்தாள் நீட்டினாள்.
பாத்திரம் துலக்குகிற பெண்களுக்கும் இப்படித்தான் என்றாள்
தனக்குத் தெரிந்த இந்தியில், ஆறுதலாக.
ஆறுதலாகத்தான் இருந்தது.

மதுரைக் கோட்டம்,
விளையாட்டு ஒதுக்கீட்டில் டிக்கெட் பரிசோதகர்.
ஆணையில் நிரந்தரப் பணி என்று போட்டிருந்தது.
கறுப்புக் கோட்டோடு பாண்டியன் எக்ஸ்பிரஸில்
இரவெல்லாம் நடப்பேன்.
அவ்வளவு நீளமான ஓடுபாதை
அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை.
முடிவில் தாண்ட எதுவும் இருக்காது, கழிவறைதான்.
“நிரந்தரத்த விட்டுட்டு
பாலைவனத்துல குதிக்கப் போறியாக்கும்”
என்ற அண்ணன் கிளாரன்ஸ்
இப்போது வாரம் ஒருமுறை கேட்கிறான்
மச்சானுக்கு விசா கிடைக்குமா என்று.

முவைலாவில் பள்ளிக்கூட மைதானம்,
மணிக்கணக்கு வாடகை.
மாலை ஆறரைக்கும் நாற்பது டிகிரி.
துண்டைச் சுற்றித்தான் கோலைத் தொட வேண்டும்.
பிள்ளைகள் ஐந்து பேர். ஓடப் பயமில்லை.
தலைகீழாகத் தொங்கவும் பயமில்லை.
ஹெஸ்ஸாவுக்கு விடத்தான் வரவில்லை.
உச்சியில் கோலை இறுகப் பிடித்துக்கொள்வாள்.
பிடித்தால் அது ஓடிவந்த பக்கமே கொண்டு இறக்கிவிடும்
பத்திரமாக, பூனைக்குட்டியை இறக்குவது போல.
விடு விடு விடு என்று
மூன்று மொழியில் கத்துகிறேன்.
விட்டபின் எங்கே விழும் என்கிறாள்.
இந்தப் பக்கம்தான், நான் பிடித்துக்கொள்வேன் என்கிறேன்.
நானா, என்கிறாள்.
நீ மெத்தையில்.
யோசிக்கிறாள்.
யோசிக்கட்டும். கட்டணம் மணிக்குத்தான்.

விசா செவ்வாய்க்கிழமை போனில் வந்தது.
பத்து வருடம்.
என் பெயருக்கு நிலைத்தவள் என்று பொருள்,
ஞானஸ்நானத்தில் சாமியார் சொன்னாராம்.
அந்தப் பெயருக்கு நேர்கீழே
காலாவதித் தேதி.
அன்று எனக்கு நாற்பத்தாறு முடிந்திருக்கும்.
நைனாவுக்கு அல்வா வாங்கிப் போனேன்.
“பத்து முடிஞ்சா திரும்பப் போட்டுக்கலாம்,
நான் இருபத்தாறு வருசமா
ரெண்டு ரெண்டாப் போட்டுத்தான் இருக்கேன்” என்றார்,
விரலை வேட்டியில் துடைப்பதாக நினைத்துப்
பேண்ட்டில் துடைத்தபடி.

கோலின் மேல்முனையில் ஒரு ஸ்டிக்கர்.
எத்தனை கிலோ வரை தாங்கும் என்ற கணக்கு:
ஐம்பத்துநான்கு.
இன்று காலை நான் ஐம்பத்தொன்பதரை.
புதிது வாங்க இன்னும் பதினோரு மாணவர்கள் வேண்டும்.
ஆளில்லாத மைதானத்தில்
ஆறே எட்டு ஓடி ஊன்றினேன்.
வளைந்தது.
வளையும்போது நார் பிரியும் ஓசை
வருகிறதா என்று காதைக் கொடுத்தேன்.
ஏர்போர்ட் பக்கம் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது,
சரியாகக் கேட்கவில்லை.