பத்துக்கு எட்டு

செக்காலை ரோட்டுக்குப் பின்சந்தில்
பிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிறவள் நான்.
சதுர அடிக்கு இவ்வளவு என்று
முகங்களைப் பெரிதாக்குவது பிழைப்பு.

காதுகுத்து, சடங்கு, புது ஆட்டோ,
மாசி பங்குனிக்குப் பால்குடம்.
இடையிடையே இவர்கள்.
ஒரே வண்டியில் மூன்று பேர்,
காதுக்கு மேலே இரண்டு கோடு சிரைத்த தலைகள்.

உடையப்பன் வந்தது ஆடி மாசம்,
பதினேழு முடிகிற வாரம்.
"அக்கா, பின்னாடி சிங்கம் வேணும்.
வாயத் தொறந்த சிங்கம்.
பத்துக்கு எட்டு."
போனில் அனுப்பிய படத்தில்
ஹால் டிக்கெட்டுக்கு எடுத்தாற்போல் வெறித்திருந்தான்.
"கன்னத்துல அந்தப் பருவ எடுத்துருங்க.
கலர் கொஞ்சம் ஏத்துங்க.
அப்புறம்..."
கூட வந்தவர்கள் டீக்குப் போகும்வரை காத்திருந்து
"மீசை" என்றான்.

வேறெவனுடையதையோ வெட்டி எடுத்து
அவன் உதட்டின் மேல் ஒட்டினேன்.
சற்றே கோணல்.
அவனுக்குப் பிடித்திருந்தது.

கீழே பதினான்கு வட்டம், பதினான்கு தலை,
ரஸ்தா பிரதர்ஸ்.
எவன் பெயர் முதலில், எவனுடையது பொடி எழுத்தில்
என்பதை மட்டும் தாளில் எழுதி வாங்கிக்கொள்வேன்.
போன வருஷம் ஒருவனுக்கு மணிக்கட்டு போனது
எழுத்தின் அளவால்தான் என்றார்கள்.
அதை நான் நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தெருவும் அதுதான்.
பேரைச் சொன்னால் ஜவுளிக்கடையில்
"போன் பண்றோம்மா" என்பார்கள்.
ஏழு மணிக்கு மேல் மினிபஸ் உள்ளே வராது,
முக்கில் உதறிவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.
சித்தி வீட்டு முகவரி கொடுத்துத்தான்
எனக்கு இந்த நாற்காலி.

அரிவாள்கள் எங்கே இருக்கின்றன என்பது
கோலம் போடுகிறவர்கள் முதல் எல்லோருக்கும் தெரியும்.
சிங்கப்பூர்ச் செட்டியார் பூட்டிப்போட்ட வீட்டில்
பின்வாசல் நிலைக்கு மேலே.
வருஷத்துக்கொரு தடவை படைப்புக்குத் திறப்பார்கள்.
அந்த ஒரு வாரம்
பிள்ளைகள் இருட்டிய பிறகும் ஷட்டில் ஆடும்.

கார்த்திகையில் அவன் அம்மா வந்தாள்.
சித்தாள் வேலையிலிருந்து நேராக,
கணுக்காலில் சிமெண்டு காய்ந்து வெடித்திருந்தது.
படம் கொண்டுவரவில்லை. தேவையும் இல்லை,
கோப்பு என்னிடம் இருந்தது.

முதலில் சிங்கம் போனது.
பிறகு கிரீடம், தீப்பொறி, பதினான்கு வட்டம்.
அதில் மூன்று பேர் மேல் வழக்கு.
ஒருவன் மதுரையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.
மிச்சப் பேரை யாரும் பார்க்கவில்லை.
கறுப்புப் பின்னணி, ஒரு குத்துவிளக்கு,
தோற்றம், மறைவு.

திரையருகே குனிந்து
மூச்சு கண்ணாடியில் படிய அவள் பார்த்தாள்.
"இது ஆரு மீசை?"
நான் பேசவில்லை.
"அவனுக்கு வரவே இல்லியே. எடுத்துரு தாயி."

எடுத்தேன்.
"கன்னத்துல ஒன்னு இருக்குமே
செவப்பா, கிள்ளாதடான்னு அடிப்பேன்...
அதையும் வையி."

அழித்ததைத் தேடி எடுத்துத்
திரும்ப முகத்தில் வைக்கக் கால்மணி நேரம் ஆனது.
அதற்குப் பணம் கேட்கவில்லை.
மற்றதற்கு வாங்கினேன், முதலாளி கணக்குப் பார்ப்பார்.
நாலுக்கு மூணு போதும் என்றாள்.
பழைய பத்துக்கு எட்டு என்ன ஆயிற்று?
குளிக்கிற மறைப்புக்குக் கட்டியிருக்கிறாளாம்.
சிங்கம் உள்பக்கமாம்.

போன வாரம் இன்னொருவன், எதிர்த்தெரு.
டீக்குப் போகும்வரை காத்திருந்தான்.
அவன் வாயைத் திறக்குமுன்பே
"மீசையெல்லாம் இப்ப போடுறதில்ல,
சிஸ்டத்துல அழிஞ்சு போச்சு" என்றேன்.
பொய். டெஸ்க்டாப்பின் ஓரத்தில்
முகமில்லாமல் அது கிடக்கிறது.

முறைத்துவிட்டுப் போய்விட்டான்.

சாயங்காலம் மினிபஸ் முக்கில் இறக்கிவிட்டபோது
தட்டி ஏறியிருந்தது.
பன்னிரண்டுக்கு எட்டு, சிங்கத்துக்குப் பதில் புலி.
பக்கத்துக் கடை வேலை.
மீசை நேராக இருந்தது,
நான் போடுவதைவிட நன்றாகவே.