இரண்டு கைகளால் உரித்த ஆரஞ்சு

மொரியோகாவில் பனி. சலவைக்கடையில்
ஆறாம் எண் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க
தெப்பெய் கேட்டான்:
"அந்த அனிமேவுக்கு முன்கதை வந்திருக்கிறதே,
அதை முதலில் பார்க்கலாமா?"

கூடாது என்றேன், சட்டம் பேசுகிறவள்போல.
இருபத்தாறு பாகமும் பார்.
ஒற்றைக்கை மாலுமியோடு கடலில் கிட.
அப்புறம் வா முன்கதைக்கு.
அங்கே அவன் இரண்டு கைகளாலும்
ஓர் ஆரஞ்சை உரிப்பான்,
தோல் அறுபடாமல், ஒரே சுருளாக.
அவ்வளவுதான் காட்சி.
நான் அதற்கு அழுதிருக்கிறேன்.
தெரியாதவனுக்கு அது வெறும் பழம்.

தெப்பெய் சொல்பேச்சு கேட்கிற ஆள் இல்லை.
அடுத்த வியாழன் வந்தான், கண் வீங்கி.
முன்கதையை முடித்த கையோடு
முதல் பாகத்தைப் போட்டானாம்:
மாலுமி சட்டைப் பொத்தானோடு மல்லாடுகிறான்,
கப்பலே சிரிக்கிறது.
நானும் சிரித்த இடம்.
பதினேழு வயதில், வாய்விட்டு.

"எனக்குச் சிரிப்பு வரவில்லை" என்றான்.

இயந்திரம் நின்றது.
அவன் துணிகளுக்கு நடுவே
ஒரு குழந்தையின் காலுறை. ஒன்றே ஒன்று.
இரண்டு வருடமாகத் தெரியும் இவனை.
எந்தப் பாகத்தில் நுழைந்தேன் என்பது
இன்றுவரை தெரியாது.

கேட்கவில்லை.
உலர்த்திக்கு நூறு யென் குறைகிறது என்றான்.
கொடுத்தேன்.