ஐம்பத்தெட்டு பெட்டிகள்

மகிமைதாசின் முதல் படத்தை
மறுபடி பார்த்தேன்,
தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு மூணாம் மாடியில்
மருமகன் போனில்,
சார்ஜர் வயர் எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து.

விருதெல்லாம் வாங்கி முடித்த பிறகு
பேட்டியில் அவரே சொல்லிவிட்டார்:
முதல் இரண்டும் கணக்கில் சேராது.
இரண்டாவது சேராதுதான்.
பேய் வருகிறது, பேயின் வேட்டி நனைந்திருக்கிறது,
ஏனென்று பேய்க்கே தெரியாது.
அதை விடுங்கள்.

முதல் படமும் ஒன்றும் ஒழுங்கில்லை.
நாயகன் ராயபுரத்தில் அடி வாங்கி
எண்ணூரில் விழுகிறான்.
தயாரிப்பாளரின் மச்சான்
காமெடி என்று
ஏழு நிமிஷம் கறிவேப்பிலை தின்கிறான்.
தண்ணி லாரிக் குழாய் எட்டிய வரைக்கும் மழை,
அதற்கப்பால் சித்திரை வெயில்.
சுவரில் விழுந்த மைக்கின் நிழல்தான்
கடைசிவரை அடக்கி நடித்திருக்கிறது.

நாயகி நாசிக்கிலிருந்து வந்த பெண்.
அவள் வாயில் என் குரல்.
சாலிகிராமத்தில் ஒரே ராத்திரி,
எழுநூறு ரூபாய், இரண்டு பரோட்டா.
டைட்டிலில் பிலோமினா என்று யாருமில்லை.
அவள் உதடு மூடிய பிறகும்
அரை நொடி பேசிக்கொண்டிருக்கிறேன்.
அந்த அரை நொடி யாருடைய பேச்சு என்று
இன்றைக்குத்தான் யோசித்தேன்.

பிறகு அந்த ஷாட்.
கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
மீன்கூடைகளுக்கு நடுவே இரண்டு பேரும்.
"வர்றியா, இல்லியா?"
அவள் வாயைத் திறக்க,
கூட்ஸ் வந்துவிட்டது.
யாரும் வரச்சொல்லவில்லை.
இன்னொரு டேக்குக்குப் பிலிம் இல்லை,
ஓடவிட்டிருக்கிறார்கள்.
ஐம்பத்தெட்டு பெட்டிகள், எண்ணினேன்.
கரித்தூள் லென்சில் ஒட்டுகிறது.
நாயகன் நடிப்பை மறந்து காது குடைகிறான்.
சைக்கிளில் பிளாஸ்டிக் குடங்கள் கட்டிய ஒருவர்
நேராகக் கேமராவைப் பார்க்கிறார்,
உனக்கு வேற பொழப்பில்லையா
என்பதுபோல.

அவருடைய பெரிய படங்களில்
யாரும் என்னை இப்படிப் பார்த்ததில்லை.
அங்கே ரயில் வந்தால் அர்த்தத்தோடு வருகிறது.
காக்காகூட
சம்பளம் வாங்கிக்கொண்டுதான் பறக்கிறது.
கைதட்டியிருக்கிறேன், பொய்யில்லை.
ஒன்றிரண்டில் அழுதுமிருக்கிறேன்.
காத்திருந்ததில்லை.

கீழே நெடுஞ்சாலையில்
துறைமுகத்துக்கு நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் உறுமல்.
எது படத்துச் சத்தம், எது தெருச் சத்தம்?
வால்யூமைக் கூட்டினேன்.
"ஸ்பீக்கர் கிழிஞ்சிடும் அத்தை."

அவள் உதடு அசைகிறது.
அங்கே நான் பேசியிருக்கிறேன்,
சத்தியமாய்ப் பேசினேன், மூணு டேக்.
மிக்சிங்கில் ரயிலை ஏற்றி
என்னை இறக்கிவிட்டார்கள்.
அந்தப் பெண் என்னதான் சொன்னாள்,
இயக்குநருக்கே தெளிவில்லை என்று
அப்போது ஒரு பத்திரிகையில் எழுதினார்கள்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்:
"கேட்டு தொறக்கட்டும், சொல்றேன்."

கேட் திறக்கிறது.
எல்லாரும் ஒரேயடியாய் முண்டுகிறார்கள்.
அடுத்த காட்சியில்
மச்சான் மறுபடி வந்துவிட்டான்.